இறங்கித் தள்ளத் தெரிஞ்சவன்

வா மோனை, இப்பிடி வந்து இரு. வலக்கை கழுத்திலை தொங்குது, ஓடித் தப்பவும் ஏலாது. சோறு குழைச்சுத் தாறன். தின்னுற சாட்டிலை நான் சொல்லுறதையும் கேள். இதைவிட நல்ல நேரம் எனக்கும் வராது.

"மலையிலை சைக்கிள் ஓடப்போறம், நீங்களும் வாங்கோ அம்மப்பா" எண்டு கூட்டிக்கொண்டு போனாய். எங்கடை பக்கத்திலை மலை எண்டு பேர் கேட்டது கீரிமலை ஒண்டுதான். அங்கை போய்ப் பார், கடலும் கேணியும்தான் கிடக்கு. மலை பேரிலை மட்டும். அப்பிடியான ஊரான் மலை பாக்க ஆசைப்பட்டது பிழையோ?

விடிய வெள்ளன ஸ்காபரோவிலை வெளிக்கிட்டம். நாலு பெடியள், நாலு சைக்கிள், ஒரு கிழவன். சைக்கிளெல்லாம் காருக்குப் பின்னாலை தொங்கிக்கொண்டு வருது. கொலிங்வூட் பக்கம் போய்ச் சேர இரண்டு மணித்தியாலம். அங்கை போனால் மலை உச்சிக்குக் கம்பியிலை தொங்கிற கதிரை. அதிலை நீங்கள் இருக்க, சைக்கிளைக் கொழுக்கியிலை மாட்டி அனுப்புறாங்கள். எனக்கு ஒரு கணக்கு விளங்கேல்லை. சைக்கிள் உன்னைச் சுமந்தது கூடவோ, நீ சைக்கிளைச் சுமந்தது கூடவோ?

ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம் எண்டு சொல்லுவினம். இப்ப எருதுக்குக் கோபமில்லை, அதுக்குக் கதிரை போட்டாச்சு. போகேக்கை நல்லாத்தான் போறியள். வரேக்கைதான் நொண்டி வாறியள்.

பிறகு உன்ரை கோலம். முகத்தையும் மூடின ஹெல்மெற், கண்ணுக்குக் கண்ணாடி, நெஞ்சுக்குக் கவசம், முழங்கைக்கொண்டு, முழங்காலுக்கொண்டு. கந்தசட்டிக்குத் தலை மாத்தி மாத்தி வாற சூரன் தோத்துப் போவான். அவனும் கடைசியிலை விழத்தான் வாறவன் எண்டதை யோசிச்சியோ?

சைக்கிளின்ரை விலையைக் கேட்டன். கோடை முழுக்க வேலை செய்து சேர்த்த காசெண்டாய். நீ சொன்ன தொகைக்கு ஊரிலை காணித் தரகரைக் கூப்பிட்டுக் கதைக்கலாம். முன்னுக்கும் பின்னுக்கும் ஸ்பிறிங், 200 மில்லிமீற்றர் இறங்கி ஏறுமாம். எட்டு அங்குலம்! அவ்வளவு சொகுசு செய்துபோட்டு, கல்லும் வேரும் கிடக்கிற இடமாப் பாத்து விடுறது. சீற் இருக்கு, ஆனால் இறங்கேக்கை அதிலை குந்தக்கூடாதாம். அப்ப ஏன் மோனை அது? வடிவுக்கோ?

வழுவழு எண்ட றோட்டுள்ள நாடெண்டு இஞ்சை வந்தம். நீ காசு குடுத்துக் குண்டும் குழியும் தேடுறாய். 90களிலை யாழ்ப்பாணத்துக்கு வந்திருந்தால் உனக்கு எல்லாம் இலவசம். பெற்றோல் இல்லாத காலம். வாத்தியாரும் சைக்கிள், வருத்தக்காரனும் சைக்கிள், மாப்பிளையும் சைக்கிள். ஸ்பிறிங் எங்கை இருந்தது? எங்கடை நாரியிலை இருந்தது.

நீங்கள் உச்சிக்குப் போன நேரம் கீழை சைக்கிள் திருத்திற வெள்ளைக்காரனோடை கதைச்சுக்கொண்டிருந்தனான். நல்ல மனுசன். இந்த விளையாட்டின்ரை பூர்வீகத்தைச் சொன்னான். 1976 ஒக்ரோபராம். கலிபோர்னியாவிலை ஃபெயர்ஃபாக்ஸ் எண்ட ஊர். அங்கத்தைப் பெடியள் தாத்தாமார் காலத்து இரும்புச் சைக்கிளை எடுத்து மலைப்பாதையாலை விட்டிருக்கிறாங்கள். இரண்டு மைல் தூரம், 1300 அடி இறக்கம். பெடலைப் பின்னுக்கு மிதிச்சால் பிடிக்கிற பிறேக். கீழை வந்து சேரேக்கை சில்லுக் குடத்துக்குள்ளை கிறீஸ் எரிஞ்சு புகை வருமாம். கழட்டித் திரும்பவும் கிறீஸ் அடைச்சால்தான் அடுத்த ஓட்டம். அந்தத் திரும்ப அடைக்கிற வேலையாலைதான் பாதைக்கே ‘ரீபாக்’ எண்டு பேர் வந்ததாம். கேரி ஃபிஷர் எண்ட பெடியன் அதை 4 நிமிசம் 22 செக்கனிலை இறங்கியிருக்கிறான். 1990இலை உலகப் போட்டியே வைச்சாச்சு.

பாத்தியோ? தொடங்கினது பழஞ்சைக்கிளிலை. அவங்களிட்டைக் கவசமில்லை, ஸ்பிறிங் இல்லை. எது புகையுது, எதைக் கழட்டிப் பூட்ட வேணும் எண்ட விசயம் தெரிஞ்சிருந்தது. உன்னட்டை எல்லாம் இருக்கு. ரயருக்கு எவ்வளவு காத்தெண்டு கேட்டால் போனைத் தடவுறாய்.

பாதைக்கும் நிறம் வைச்சிருக்கிறாங்கள். பச்சை வட்டம் பழகிறவைக்கு. நீலச் சதுரம் கொஞ்சம் தெரிஞ்சவைக்கு. கறுப்பு வைரம் கைதேர்ந்தவைக்கு. எலும்பு முறியிற இடத்துக்கு வைரமெண்டு பேர் வைச்சவன் பெரிய வியாபாரி மோனை! பச்சையாலை போக உங்கடை எடுப்பு விடேல்லை. "அது சின்னப் பிள்ளையளுக்கு" எண்டியள். ஓம், ஒரு சின்னப் பிள்ளைதான், ஒன்பது வயதிருக்கும், பின்னல் பறக்கப் பச்சையாலை சிரிச்சுக்கொண்டு வந்து இறங்கினவள். நீ வந்து இறங்கினது ஸ்ட்ரெச்சரிலை.

காலமை அரை மணித்தியாலம் காசு கட்டிப் படிச்சியளே, அந்த மாஸ்ரர் என்ன சொன்னவர்? "கல்லைப் பாக்காதையுங்கோ, போற இடத்தைப் பாருங்கோ. வளைவுக்கு முன்னம் பிறேக் பிடியுங்கோ, ஒரு விரலாலை, மெல்ல." இதைத்தானே என்ரை ஐயா ஒழுங்கையிலை கரியரைப் பிடிச்சுக்கொண்டு பின்னாலை ஓடியோடிச் சொன்னவர்? "வேலியைப் பாக்காதையடா, வேலிக்குள்ளைதான் போவாய்!" அவர் காசு வாங்கேல்லை, பூவரசங் கம்பாலை ஒண்டு தந்தவர். அதாலைதான் மறக்கேல்லைப் போலை. நீ என்ன செய்தாய்? முன் பிறேக்கை இறுக்கிப் பிடிச்சாய். சைக்கிள் நிண்டுது, நீ நிக்கேல்லை. காறை எலும்பு போட்டுது.

சரி, உன்ரை சிநேகிதன் அந்தச் சோடாப்புட்டிக் கண்ணாடிக்காரன். செங்குத்தான இடத்திலை சைக்கிளாலை இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தவன். எல்லாரும் நெளிஞ்சு நெளிஞ்சு சிரிச்சியள். ஒருத்தன் வீடியோவும் எடுத்தவன். தள்ளுறது வெக்கமோ மோனை?

1995 ஒக்ரோபர் 30. யாழ்ப்பாணத்திலை சண்டை நெருங்க, வலிகாமம் முழுக்க ஒரு இரவிலை எழும்பி நடந்துது. செம்மணி றோட்டு, மழை, இருட்டு. என்ரை சைக்கிள் கரியரிலை அரிசி மூட்டை, ஹான்டிலிலை சட்டி பானை, பாரிலை பத்து வயதுப் பிள்ளை. அவள்தான் கொம்மா. அடி வைக்க இடமில்லாத சனம், எப்பிடி ஓடுறது? விடிய விடியத் தள்ளினனான். எனக்கு முன்னாலையும் பின்னாலையும் எல்லாரும் தள்ளினவைதான். ஒருத்தரும் சிரிக்கேல்லை.

ஓடத் தெரிஞ்சவன் ஊருக்கு ஆயிரம் பேர் இருக்கினம். எங்கை இறங்கித் தள்ள வேணும் எண்டு தெரிஞ்சவன்தான் சைக்கிள்காரன். நம்பேல்லையோ? அப்ப சொல்லு. உனக்குக் கை போச்சு. வீடியோ எடுத்தவனுக்கு மணிக்கட்டு வீங்கிப் போச்சு. மற்றவனுக்கு முழங்கால் மடங்காது. எனக்கு இந்த நாட்டு லைசன்ஸ் இல்லை. காரை வீடு மட்டும் ஓட்டிக்கொண்டு வந்தது ஆர்?

பேசாமல் இருக்கிறாய். நல்லது.

போகாதை எண்டு சொல்லுறனெண்டு நினையாதை. வாற வரியம் விஸ்லர் போவமெண்டு சொன்னியள், போங்கோ. என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ. கதிரையிலை ஏறி, மலையைப் பாத்து, அதே கதிரையிலை இறங்கி வந்த ஒரே ஆள் நான்தானே? குடுத்த காசுக்கு முழுசாய்ச் சுகம் கண்டதும் நான்தான்.

இந்தா, வாயைத் திற. அவசரப்படாதை, மெல்ல விழுங்கு. இதுக்கும் பிறேக் வேணும்.