மயிலாப்பூர் அடுக்களையும் பெல்ஜியக் கோதுமை பீரும்: ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சிக்கல்

பெல்ஜியம் நாட்டுக் கோதுமை பீருக்கு வேண்டிய சாமான்களை எழுதிப் பார்த்தால் மளிகைச் சீட்டைப் போலவே இருக்கும்: முளைகட்டாத கோதுமை, கொத்தமல்லி விதை, கசப்பு ஆரஞ்சின் உலர்ந்த தோல். இவ்வளவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, கபாலீசுவரர் கோயிலின் மாட வீதிகளில் அந்தப் பீர் ஏன் பொங்கவில்லை? கல்வெட்டுக்கும் கர்நாடக இசைக்கும் ஆராய்ச்சி செய்து தள்ளிய பேட்டை இந்தக் கேள்வியைக் கண்டும் காணாமல் இருந்துவிட்டது. அந்தக் குறையைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வெல்லை: வடக்கே ராயப்பேட்டை மணிக்கூண்டு, மேற்கே தி.நகர் பனகல் பூங்கா, தெற்கே அடையாறு டெப்போ. இவற்றுக்கு அப்பால் புளிப்பவற்றுக்கு ஆய்வாளர் பொறுப்பல்லர்.

வரலாற்றுப் பின்புலம்

பிரசல்சுக்குக் கிழக்கே ஹோகார்டன் என்ற சிற்றூர். அங்கே நூற்றாண்டுக் கணக்கில் வடித்துவந்த வெண்ணிறக் கோதுமை பீர், 1950களில் கடைசி வடிசாலையும் மூடப்பட்டதோடு நின்றுபோனது. 1960களின் நடுவில் அதை மீண்டும் வடிக்கத் தொடங்கியவர் பியர் செலிஸ். இன்று உலகெங்கும் இந்த வகை புழங்குவதற்கு அவரே காரணம். தொழிலால் அவர் பால்காரர். தண்ணீரை எதில், எவ்வளவு சேர்ப்பது என்பதில் பால்காரர்களுக்கு உள்ள தேர்ச்சியைச் சென்னை வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

மூலப்பொருள்கள்

ஏறக்குறையப் பாதி பார்லி மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), பாதி பச்சைக் கோதுமை, வேண்டுமானால் ஒரு கைப்பிடி ஓட்ஸ். சிறு அளவில் வடிப்பவர்கள் ஒரு தடவைக்கு ஒரு கேலன், அதாவது 3.8 லிட்டர் போடுவார்கள். அதற்குக் கொத்தமல்லி விதை ஒரு தேக்கரண்டி போதும். விதையை வறுக்காமல் ஒன்றிரண்டாக இடித்து, கொதியின் கடைசி ஐந்து நிமிடத்தில் போட வேண்டும் என்பது பெல்ஜிய மரபு. தனியாவை வறுக்காமல் போடுவதை ரசப்பொடி மரபு ஏற்காது. முதல் கோட்பாட்டு மோதல் இங்கேயே தொடங்குகிறது.

கசப்பு ஆரஞ்சுக்கு நார்த்தங்காய் பங்காளி முறை. ஆனால் நம் வீடுகளில் அது உப்பிலிடப்பட்டு, தயிர்சாதத்துக்கு என்று முன்பதிவு செய்யப்பட்டிருக்கிறது.

பார்லியில்தான் கருதுகோள் சறுக்குகிறது. கச்சேரி சாலைப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில், கோடையில் நீர்க்கடுப்புக்கு வாங்கும் பார்லி அரிசி தீட்டியது. தீட்டிய தானியம் முளைக்காது. முளைக்காவிட்டால் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் அமைலேஸ் நொதி கிடைக்காது. சர்க்கரை இல்லாமல் சாராயச்சத்து இல்லை. மால்ட் செய்யும் வித்தை மட்டும் நமக்குப் புதிதல்ல. கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்டு, நிழலில் உலர்த்தி அரைப்பது அதே வேலைதான். பெல்ஜியத்தார் பெரியவர்களுக்குச் செய்வதை நாம் ஆறு மாதக் குழந்தைக்குச் செய்கிறோம்.

ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூ இமாசலப் பிரதேசத்தின் லாகூலில் விளைகிறது. இந்தப் பீருக்கு அது கொஞ்சம்தான் தேவை. கசப்புக்கு வெந்தயம் போதாதா என்று கேட்பவர்களின் ஆர்வம் பாராட்டத்தக்கது, நாக்கு கவலைக்குரியது.

தட்பவெப்பம்

இந்தப் பீரின் ஈஸ்டுக்கு இதமானது 18 முதல் 24 டிகிரி செல்சியஸ். சென்னை மே மாதத்தில் நடுராத்திரிகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. சூடு மிஞ்சினால் ஈஸ்ட் அவசரப்பட்டு, வேண்டாத கனச் சாராயங்களை உண்டாக்கிவிடும். இரவு 21 டிகிரி வரை இறங்குவது மார்கழியில்தான். புளிக்க இரண்டு வாரம், புட்டியில் காற்றேற இரண்டு வாரம் என்று வைத்தாலும் தை பிறக்கும்போது பீரும் பிறந்துவிடும். ஆனால் மார்கழியில் மயிலாப்பூர்வாசிகள் வீட்டிலேயே இருப்பதில்லை. சபாக்களில் இருக்கிறார்கள், குறிப்பாக, சபா கேண்டீன்களில்.

நுண்ணுயிரியல்

வீட்டில் பீர் வடிப்பவர் பாத்திரம், குழாய், கரண்டி எல்லாவற்றையும் கிருமி நீக்குவார். வடிநீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, பொறுக்கி எடுத்த ஒரே ஈஸ்டைச் சேர்த்து, காற்றுப்பூட்டு போட்டு மூடுவார். அவரைத் தூங்கவிடாத எதிரிகளில் இருவர் பெடியோகாக்கஸ், லியூகோனாஸ்டாக். உள்ளே நுழைந்தால் பீரைப் புளிக்கடித்துவிடுவார்கள்.

1965இல் வெளியான, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் கட்டுரை இட்லி மாவில் கண்டெடுத்தது இந்த இருவரையும்தான். மாவைப் பொங்கவைக்கும் முதன்மைத் தொழிலாளி லியூகோனாஸ்டாக். உளுந்தோடும் அரிசியோடும் ஒட்டிக்கொண்டே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. கொதிக்கவைப்பதில்லை, வெப்பமானி இல்லை, பூட்டு இல்லை. உப்பு போட்டுக் கையால் கலந்து, தட்டைப் போட்டு மூடிவிட்டுப் படுத்தால் விடிவதற்குள் தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. தினமும் இதைச் செய்து முடிப்பவருக்கு மேல்நாட்டில் வடிசாலைத் தலைவர் என்று பட்டம். இங்கே அவர் காதில் விழுவது, “இன்னிக்கும் இட்லிதானா?”

சட்டம்

1937இன் மதுவிலக்குச் சட்டம் அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று முதலில் சேலத்தில் நடைமுறைக்கு வந்தது. கொண்டுவந்த ராஜாஜி பிற்காலத்தில் வாழ்ந்தது தி.நகர் பசுல்லா சாலையில், நம் ஆய்வெல்லைக்குள்ளேயே. மது தயாரிப்பது மட்டுமல்ல, அதற்கென்று பொருளும் கருவியும் வைத்திருப்பதும் அச்சட்டப்படி குற்றம். 1983இல் டாஸ்மாக் பிறந்து, 2003இல் அரசே சில்லறைக் கடை திறந்தது. கடையில் புட்டி வாங்கலாம். வீட்டில் ஒரு கேலன் வடிக்கலாகாது. அமெரிக்காவில் 1978இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், பெரியவர் இருவர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 கேலன் வரை அனுமதித்தது. அங்கே கார் ஷெட்டில் வடித்துப் பழகிய பொறியாளர் அடையாறுக்குத் திரும்பினால், அந்தத் திறமைக்கு மிஞ்சும் ஒரே வழி வெட் கிரைண்டர்.

முடிவுரை

சாமானில் முக்கால் பங்கு உண்டு. மார்கழியில் குளிரும் உண்டு. கைத்திறன் தேவைக்கு மேலேயே உண்டு. குறுக்கே நிற்பவை தீட்டிய பார்லியும் சட்டமும்தான். பீர் பொங்காததால் இப்பகுதி நொதித்தல் அறிவியலில் பின்தங்கிவிட்டது என்று இனி எவரும் எழுதக் கூடாது. உலகின் வீட்டு வடிப்பாளர் சங்கங்கள் இங்குள்ள மாவு அரைப்போருக்குக் கௌரவ உறுப்பினர் பதவி வழங்கலாம். அதுவரை, மாவு பொங்கிய காலையில் இட்லியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள். அதற்கு உரிமம் தேவையில்லை.