பெரியப்பாவுக்கு மறுபடியும் கல்யாணம்

ஆயிரம் பிறை கண்டவருக்குச் சதாபிஷேகம். பிறைக்குப் பிறை இருபத்தொன்பதரை நாளுக்குக் கொஞ்சம் மேல். பெருக்கிப் பார்த்தால் 80 வருஷம் 10 மாசம் வருகிறது. கண்ட பிறையில் எத்தனை ஞாபகம் இருக்கிறது என்று சாஸ்திரம் கேட்பதில்லை. அந்தத் தைரியத்தில் பெரியப்பாவுக்காக ஸ்ரீரங்கத்தில் மண்டபம் பிடித்துப் பத்திரிகையும் அடித்துவிட்டோம்.

'டிமென்ஷியா வந்தவருக்கு விழா எதுக்கு?' என்று சிலர் முணுமுணுத்தார்கள். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கிறது என்று 2023-இல் ஒரு மதிப்பீடு வந்தது. எல்லாரையும் உள்ளறையில் உட்கார்த்திவிட்டால், விழுந்து சேவிக்க ஊரில் ஆள் மிஞ்சாது. போகட்டும், முணுமுணுத்தவர்கள்தான் முதல் பந்தியில் உட்கார்ந்தார்கள்.

வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி. சேவித்து எழுந்ததும் அவர் மூக்குக்கு நேரே முகத்தை நீட்டி, "நான் யாரு, சொல்லுங்கோ பார்ப்போம்!" பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ரிடையர் ஆனவருக்கு இந்த வயசில் வாய்மொழித் தேர்வு. "நான் உங்க தம்பி பிள்ளை" என்று நாமே சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தால் நாக்கு தேய்ந்தா போகும்?

ஆனால் பெரியப்பா அசரவில்லை. எல்லாருக்கும் சேர்த்து அவரிடம் ஒரே விடை இருந்தது.

"உன்னைத் தெரியாதா? அப்பா சௌக்கியமா?"

அப்பா பரமபதித்துப் பல வருஷமான ஓர் எழுபது வயசுக்காரர், "சௌக்கியம், சௌக்கியம்" என்று தலையாட்டினார். அதோடு விடாமல், "என்னை டக்குனு கண்டுபிடிச்சுட்டார்!" என்று மண்டபம் முழுக்கச் சொல்லிக்கொண்டு காபி தேடிப் போனார். மறதி யாருக்கு என்று எனக்கே கொஞ்சம் குழப்பம்.

சென்னையிலிருந்து வந்த பேரன் ஒருத்தன், ராஜகோபுரத்துப் பக்கம் ரூம் போட்டிருப்பதாகச் சொன்னான்.

"எது, மொட்டை கோபுரமா? அதை மேலே கட்டப் போறாளாமே!"

பாதியில் நின்றிருந்த அந்தக் கோபுரத்தைக் கட்டி முடித்தாயிற்று: 13 நிலை, 236 அடி. கும்பாபிஷேகம் நடந்தது 1987 மார்ச்சில். டிமென்ஷியாவில் ஒரு வகையான அல்சைமர் முதலில் கை வைக்கும் இடங்களில் ஒன்று, மூளையில் புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ். பழசு இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும் என்கிறார்கள் டாக்டர்கள். நோய் முற்ற முற்ற, பழசிலும் கிட்டத்தில் நடந்தது முதலில் உதிருமாம். பெரியப்பாவுக்கு 1987-உம் கிட்டத்துக் கணக்கில் சேர்ந்துவிட்டது. நினைவு தப்பாத ஸ்ரீரங்கத்துப் பழசுகளுக்கும் அது மொட்டை கோபுரம்தான் என்பது வேறு விஷயம்.

பிள்ளையின் பேரையே மறந்து போகிறவர், பிரபந்தம் ஓதிய கோஷ்டியில் ஓர் இளவட்டம் தாண்டிப் போன அடியைக் கணீரென்று எடுத்துக் கொடுத்தார். கூடவே ஒரு முறைப்பு. 'நான் யாரு' கட்சியைச் சேர்ந்த ஒருத்தரும் அப்போது வாயைத் திறக்கவில்லை.

அபிஷேகத்துக்குத் தம்பதியை மணையில் உட்கார்த்தி, தலைக்கு மேல் சல்லடை பிடித்து, ஆளுக்கொரு சொம்பாகக் கலசத் தீர்த்தம் விட்டோம். பெரியப்பா அண்ணாந்து பார்த்தார். புருவத்திலிருந்து சொட்டியதைப் புறங்கையால் வழித்துக்கொண்டு பெரியம்மாவிடம் சொன்னார்: "மாடியில துணி காயறது பாரு."

உலர்ந்த பட்டு மாற்றிக்கொண்டு வந்ததும் வாத்தியார் திருமாங்கல்யத்தை நீட்டினார்.

"யாருக்குக் கல்யாணம்?"

"உங்களுக்குத்தான் பெரியப்பா."

"எனக்கா? பொண்ணு யாரு?"

பெரியம்மாவைக் காட்டினோம். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தவர், குரலைத் தாழ்த்தி, "இவளுக்குத்தான் ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுத்தே!" என்றார்.

மண்டபமே சிரித்தது. பெரியம்மா சிரித்த சிரிப்பில் மாலை நழுவியது. கெட்டிமேளத்தில் எப்படியோ முடிச்சு விழுந்துவிட்டது. அக்காரவடிசல் சாப்பிட்டதை மறந்து பெரியப்பா இரண்டாம் முறை கேட்டபோது, சர்க்கரை வியாதியைக் காட்டி மகள் தடுக்கப் பார்த்தாள். "இன்னிக்கு மாப்பிள்ளைடீ, போடு" என்று பெரியம்மா உத்தரவு போட்டாள்.

சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டுத் தாம்பூலப் பையை அவர் கையாலேயே கொடுக்க வைத்தோம். ஒவ்வொருத்தரிடமும் வாய் நிறையச் சொன்னார்: "அடுத்த கல்யாணத்துக்கும் கட்டாயம் வரணும்."

"வரட்டும்" என்றாள் பெரியம்மா. "பொண்ணு மட்டும் வேற யாரையாவது பார்த்துக்கோங்கோ."