‘ஏலும்’: மலிவு மதர்போர்ட் குறித்த அக்குறணைப் பாடமும் அதற்கோர் உரையும்

கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் ஏ9 வீதியில், கட்டுகஸ்தோட்டைக்கு அப்பால் உள்ளது அக்குறணை. கராம்பு முதல் கைப்பேசி உறை வரை எல்லாம் விற்கும் அந்தக் கடைவீதியில் வாய்மொழியாக வழங்கிவரும் மூலபாடம் ஒன்றுக்கு இன்றுவரை யாரும் உரை செய்யவில்லை. பானை ஓட்டில் கிடந்த இரண்டு கீறல்களை, அவை எழுத்தா எலிப்பல்லா என்று தெளியும் முன்பே நான்கு கருத்தரங்குகளுக்கு நீட்டத் தெரிந்த அறிஞர் குலத்துக்கு இது அழகன்று. பாடம் வருமாறு. வினா: “தம்பி, இந்த போர்ட்ல ஓவர்க்ளொக் பண்ண ஏலுமா?” விடை: “ஏலும் நானா.” விடையில் சொல் இரண்டு. அவற்றுள் ‘நானா’ அண்ணனை அழைக்கும் விளி. கேட்பவர் வயதில் இளையவராயினும் பணம் அவர் பையில் இருப்பதால் வந்த மரியாதை. அதற்கு மேல் அதில் ஆராய ஒன்றுமில்லை. எஞ்சி நிற்கும் ‘ஏலும்’ என்ற ஒரே சொல்லின் மீது, குறைந்த விலையில் மதர்போர்ட் வாங்கி அதில் கணினியை விரட்ட நினைக்கும் ஒரு தலைமுறையின் சேமிப்பு முழுவதும் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

‘ஓவர்க்ளொக்’ என்பதற்கு ‘மிகைக்கடிகாரம்’, ‘மீவேகப்படுத்தல்’, ‘கடிகார மிகுப்பு’ எனப் பல சொற்கள் ஆக்கப்பட்டுள்ளன. ஆக்கியவர்கள் அவற்றால் எந்தக் கடையிலும் எதையும் வாங்கிப் பார்த்ததில்லை. பொருள் எளிது: புரொசசர் நொடிக்கு இத்தனை துடிப்பில் ஓட வேண்டும் என்று தொழிற்சாலை வைத்த எல்லையைத் தாண்டி ஓட்டுவது. இது ஏழைகளின் கலையாகவே பிறந்தது. 1998-ல் இன்டெல் விற்ற செலரான் 300ஏ என்ற மலிவுச் சில்லு 66 மெகாஹேர்ட்ஸ் தடத்தில் 300-ல் ஓடுவது. தடத்தை 100-க்கு ஏற்றினால் பெரும்பாலும் முணுமுணுக்காமல் 450-ல் ஓடியது. அபிட் நிறுவனத்தின் பிஎச்6 போன்ற போர்ட்கள் அதற்குத் துணை நின்றன. 2000-ஐ ஒட்டி ஏஎம்டியின் டியூரான் சில்லின் மேற்பரப்பில் அறுபட்டிருந்த சிறு பாலங்களைப் பென்சில் கோட்டால் இணைத்து வேகத்துக்குப் போட்டிருந்த பூட்டைத் திறந்தார்கள். கரிக்கோல் நுனியால் வேகத்தை எழுதிய அந்தக் காலத்தை முதற்சங்கம் என்று கொள்வதில் எனக்குத் தடையில்லை. முதற்சங்கம் ஒன்று உண்டென்று நிறுவிவிட்டால் மற்ற இரண்டும் தாமே வந்து சேரும் என்பது நம் ஆய்வு மரபு.

இனி எழுத்ததிகாரம். போர்ட்டின் பெயரில் எண்ணுக்கு முன் ஓர் எழுத்து நிற்கும். இன்டெல் குடியில் பொதுவாக ‘இசட்’ என்று தொடங்குபவையே புரொசசரின் வேகத்தை முடிவுசெய்யும் பெருக்கெண்ணை ஏற்ற விடும். ‘எச்’, ‘பி’ இரண்டுக்கும் அந்த உரிமை இல்லை. ஏஎம்டி குடியில் பொதுவாக ‘பி’யும் ‘எக்ஸ்’சும் விடும், ஏ320, ஏ520 முதலான ‘ஏ’ வரிசை விடாது. ‘எக்ஸ்’ விலை கூடியது, ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது. ‘இசட்’டுக்கு உரிய ஒலி தமிழ் நெடுங்கணக்கிலும் இல்லை, இரவல் வாங்கிய கிரந்தத்திலும் இல்லை. எனவே தமிழ் பேசும் வறியவர் 2017-ல் வந்த ரைசனையும் அதற்குரிய பி350, பின்னர் பி450, பி550 போர்ட்களையும் நாட வேண்டும் என்பது தொல்காப்பியர் காலத்திலேயே முடிவான செய்தி. இந்த முடிபுக்கு வேறு ஆதாரம் தேவையில்லை. இருந்தாலும், விலையும் அதையே சொல்கிறது. இடையில் புறனடைகளும் உண்டு. 2014-ல் பென்டியம் பெயரின் இருபதாண்டைக் கொண்டாட இன்டெல் பூட்டில்லாத ஜி3258-ஐ விட்டது. எச்81 போன்ற கடைக்கோடிப் போர்ட்கள்கூட பயோஸ் மாற்றத்தால் அதை விரட்டின. 2015 இறுதியில் சில நிறுவனங்கள் பூட்டிய ஸ்கைலேக் சில்லுகளுக்கும் வழி திறந்தன. அடுத்த சில மாதங்களில் இன்டெல் நுண்நிரல் கொண்டு அதை அடைத்தது. உரிமை என்பது தந்தவன் எந்த நேரமும் எடுத்துக்கொள்ளக் கூடியது என்பதற்கு ‘எழுத்து’ இப்படிச் சான்று தருகிறது.

இப்போது சொல்லதிகாரம். ‘ஏலும்’ என்பதை ‘இயலும்’ என்பதன் திரிபு என்று ஒரு சாரார் கொள்வர். ‘ஏல்’ என்ற வினையடியிலிருந்து, பொருந்தும், ஏற்கும் என்ற பொருளில் வந்தது என்று மறு சாரார் கொள்வர். இரு சாராரையும் ஒரே அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு நாம் மூன்றாம் வழி போவோம். அக்குறணையும் மாத்தளை வீதியும் வாசனைத் திரவியம் மணக்கும் நிலம். ஆகவே ‘ஏலும்’ என்பதை ‘ஏலம்’ என்பதோடு சேர்த்துப் படிக்காதவர் மண்ணை அறியாதவர். ஏலத்தைத் தலையில் தாங்கிய நூல் பதினெண்கீழ்க்கணக்கில் உண்டு: ஏலாதி. அதைச் செய்தவர் பெயர் என்ன? கணிமேதாவியார். கணிக்கு மேதாவி! தமிழின் முதல் கணினி அறிஞர் கண்முன்னே நிற்கும்போது சிலிக்கன் பள்ளத்தாக்குக்கு ஏன் போக வேண்டும்? ‘கணி’ என்றால் அங்கே சோதிடர் என்றுதான் பொருள் என்று ஒரு மறுப்பு எழும். எழட்டும். பதினெட்டாயிரம் ரூபாய்ப் போர்ட்டில் கணினி எத்தனை மாதம் விரட்டுத் தாங்கும் என்று சொல்பவர் செய்வது சோதிடம் தானே. ஆகவே மறுப்பு நம் கட்சியையே வலுப்படுத்துகிறது.

இதை நகைத்து ஒதுக்க வேண்டாம். ஏலாதியில் விஷயம் இருக்கிறது. ஏலாதி என்பது முதலில் ஒரு மருந்தின் பெயர். ஏலம் ஒரு பங்கு, இலவங்கம் இரண்டு, நாககேசரம் மூன்று, மிளகு நான்கு, திப்பிலி ஐந்து, சுக்கு ஆறு. மொத்தம் 21 பங்கில் ஏலம் ஒன்றே ஒன்று. பெயரோ முழுவதும் அதற்கு. வயிற்றுக்குள் போய் வேலை செய்வது சுக்கு. மதர்போர்ட்டின் நிலையும் இதுவே. பெட்டியின் முன்முகத்தில் பெரிதாக நிற்கும் ‘பி450’ என்ற சாசனம் (பெட்டி, முன்முகம், வலக் கீழ் மூலை) ஏலம். வாசம் தரும், அனுமதி தரும். சுக்கு எதுவென்று அந்தச் சாசனம் சொல்வதில்லை. பின்முகத்தில் தேடினால் ஒரு நட்சத்திரக் குறியும், வேகக் கூட்டலால் வரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்ற பொருள்பட ஒரு வரியும் கிடைக்கலாம் (வாரண்டி அட்டை, மடிப்பின் உட்புறம், ஏழு மொழிகளுள் ஆறாவது, உருப்பெருக்கி தேவை). கடையின் கண்ணாடி மேசைக்குக் கீழ் செருகிய விலைப்பட்டியலிலோ அந்த மாடலுக்கு எதிரே ‘கேம் ஓகே’ என்று மட்டும் உள்ளது (தாள் 2, பந்துமுனைப் பேனா, மூன்றாம் கையெழுத்து, தேநீர்க் கோப்பையின் வட்டத்துக்கு வடகிழக்கே அரை அங்குலம்; வேறொரு பிரதியில் வட்டமே ‘ஓ’வாகப் படிக்கப்பட்டிருக்கிறது). மூன்று சாசனமும் மூன்று விதம். மூன்றும் சேர்ந்து ‘ஏலும்’ என்பதை மறுக்கவில்லை. கவனிக்க வேண்டியது, மூன்றில் ஒன்றுகூட ‘தாங்கும்’ என்று சொல்லவில்லை.

இங்கேதான் பொருளதிகாரம் தொடங்குகிறது. ஏலும் என்பது எழுத்தின் குணம். தாங்கும் என்பது இரும்பின் குணம். சுக்காகிய பகுதி புரொசசர் சொக்கெட்டைச் சுற்றி நிற்கும் மின்னழுத்தச் சீராக்கி: மொஸ்ஃபெட் எனும் கறுப்புச் சதுரங்கள், சோக் எனும் கன கட்டிகள், உருளைக் கப்பாசிட்டர்கள். பவர் சப்ளை தரும் 12 வோல்ட்டை 1.3 வோல்ட் அளவுக்கு இறக்கிக் கொடுப்பது இதன் வேலை. கணக்கைப் பார்ப்போம். சில்லு உண்ணும் மின்திறன் துடிப்பு வேகத்தோடு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தோடு அதன் வர்க்கத்திலும் ஏறும். 3.6 கிகாஹேர்ட்ஸில் 1.20 வோல்ட்டில் 65 வாட் உண்ணும் சில்லை 4.0-க்கு விரட்ட 1.35 வோல்ட் தருவதாகக் கொண்டால், வேகம் கூடுவது 11 சதவீதம். மின்திறன் கூடுவது ஏறத்தாழ 40 சதவீதம், அதாவது 91 வாட் ஆகிறது. அந்த 91 வாட்டை 1.35 வோல்ட்டில் கொடுக்க ஏறத்தாழ 68 ஆம்பியர் ஓட வேண்டும். வழக்கமான வீட்டுக்கு வரும் மின் இணைப்பு 30 ஆம்பியர். உயர் அழுத்தமும் தாழ் அழுத்தமும் ஒன்றாகுமா என்று கேட்பவருக்கு: திறனில் ஒன்றாகாது; கம்பியைச் சுடவைப்பதில் ஆம்பியர் தான் கணக்கு. வீட்டு மெயின் சுவிட்சு வழியே போவதைப்போல் இருமடங்குக்கு மேல், விரல் நக அளவுச் சதுரங்கள் நான்கைந்தின் வழியே போகிறது. மலிவுப் போர்ட்டில் அந்தச் சதுரங்கள் மேல் ஒன்றுமில்லாமல் வெயிலில் நிற்கும் கூலியாட்கள் போல் இருக்கும். நான்காயிரம் ரூபாய் கூடக் கொடுத்தால் தலையில் சூட்டை இழுத்து வெளியேற்றும் ஓர் அலுமினியத் தொப்பி.

என் கருத்து இவ்வளவுதான்: விரட்டுவதற்கென மலிவுப் போர்ட் வாங்குபவர் எழுத்தைப் பார்த்து வாங்க வேண்டாம், தொப்பியைப் பார்த்து வாங்க வேண்டும், தொப்பிக்குப் பணமில்லையென்றால் விரட்டாமல் இருக்க வேண்டும். இதை மறுப்போர் பலர். ‘கட்டம் எண்ணுவோர்’ என்ற பள்ளியினர் சோக்கை விரல் விட்டு எண்ணி, எட்டு இருந்தால் மின்சாரம் எட்டுக் கட்டமாக (ஃபேஸ்) பிரிந்து வரும், ஆகவே தாங்கும் என்பர். விற்பவர்களும் எண்ணத் தெரிந்தவர்கள்தான். ஒரே சமிக்ஞைக்கு இரண்டு உறுப்புகளைப் பக்கம் பக்கமாக வைத்து நாலை எட்டாகக் காட்டுவது பழகிய வித்தை. ஒரு கட்டுரையை இரண்டு இதழில் போட்டு வெளியீட்டுப் பட்டியலை நீட்டும் வித்தை தெரிந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ‘மலைநாட்டார்’ என்ற பள்ளியினர் கண்டிக் குளிரில் தொப்பி எதற்கு என்பர். கண்டி கொழும்பைவிடச் சில பாகை குளிர்தான். ஆனால் நூறு பாகையைத் தொட்டு நிற்கும் மொஸ்ஃபெட்டுக்கு அறைக் காற்று 24-ஆ 29-ஆ என்பது, எரிகிற வீட்டில் ஜன்னல் திறந்திருந்ததா என்ற விசாரணை. மூன்றாம் பள்ளியினர் சற்று நியாயமானவர்கள்: இக்காலச் சில்லுகள் தாமே இயன்றவரை வேகத்தை ஏற்றிக்கொள்கின்றன, கையால் விரட்டிப் பெறுவது சொற்பம், அந்தப் பணத்துக்கு அடுத்த படிப் புரொசசரை வாங்கலாம் என்பர். உண்மை. ஆனால் சில்லு தானே ஏற்றிக்கொள்ளும் வேகத்துக்கும் மின்சாரம் அதே சதுரங்கள் வழியாகத்தான் வர வேண்டும். அவை சூடேறிப்போனால் போர்ட் தன்னைக் காக்கச் சில்லின் வேகத்தை வெட்டும். பெரிய புரொசசரை வாங்கிச் சிறிய புரொசசராக ஓட்டும் நிலை அப்போது வரும். ஆகவே இப்பள்ளியாரும் தொப்பிக் கடைக்கே வந்து சேர்கிறார்கள்.

பாவித்த போர்ட் வாங்கலாம் என்போர்க்குத் தனி இயல் வேண்டாம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360-ஐத் தொட்ட நாட்டில், பாவித்ததை நாடுவது குற்றமன்று. சுவடி பார்க்கும் கண்ணோடு பார்க்க வேண்டும் என்பது மட்டுமே விதி. சொக்கெட் அருகே பலகை பழுப்பேறியிருந்தால் முன்னவர் விரட்டியிருக்கிறார். உருளைக் கப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தால், அது 2000-களின் தொடக்கத்தில் உலகெங்கும் போர்ட்களைச் சாகடித்த நோயின் அடையாளம். பத்துப் பாகை சூடு கூடினால் அந்த வகைக் கப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொறியியலாரின் கைக்கணக்கு. பின் தகடு இல்லையென்றால் விலையில் ஐந்நூறு குறைக்கலாம்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு சொல். 0.05 வோல்ட் கூட்டுவதா 0.025 கூட்டுவதா என்று இரவெல்லாம் நுணுகுவோர் 2025 பெப்ரவரி 9-ஐ நினைவில் கொள்வது நல்லது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் நாடே இருண்டது என்று அமைச்சர் அறிவித்த ஞாயிறு அது. குரங்கை எந்தப் பள்ளியும் சூத்திரத்தில் சேர்க்கவில்லை.

நீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அக்குறணைப் பாடத்தை நீரில்லாமல் பதிப்பிக்க முடியாது. பெருமழையில் பிங்கா ஓயா கரை மீறிக் கடைவீதிக்குள் வருவது அந்த ஊருக்குப் புதிதன்று. சங்க நூல்களைக் கடல் கொண்டது என்பதற்குச் சான்று தேடிக் களைத்தவர்கள் இங்கே வந்தால், வெள்ளம் ஏறிய மட்டத்தைக் கடைச் சுவரில் கோடாகவே காணலாம். அதனால் கடைகளில் பொருள் அடுக்கும் முறைக்கு ஓர் இலக்கணம் உண்டு: போனால் போகட்டும் என்பவை கீழ்த்தட்டில், போகக் கூடாதவை மேல்தட்டில். மூலபாடத்தில் ‘இந்த போர்ட்’ என்று சுட்டப்படுவது எப்போதும் கீழ்த்தட்டுப் பெட்டி என்பதைப் பழைய உரைகள் கவனிக்கத் தவறின. (பழைய உரைகள் இல்லை என்று தொடக்கத்தில் சொன்னது வேறு இடம்.)

பாடபேதம் ஒன்றும் கிடைக்கிறது, அரிதாகவே கேட்கும். அதில் வினா மாறியிருக்கிறது: “ஏலும்தான் தம்பி, தாங்குமா?” இதற்கு விடையாகச் சொல் எதுவும் பதிவாகவில்லை. தம்பி கேட்டவரின் முகத்தை ஒரு தரம் பார்க்கிறார், கையிலிருந்த பெட்டியை இருந்த இடத்தில் வைக்கிறார், மூலையில் கிடக்கும் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு மேல்தட்டுக்கு ஏறுகிறார்.