பூட்டைத் திறந்த கேப்டன்

கேள்வி: ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்குக்காக விடிய விடிய முழிக்கிறோமே, நம் சுனில் சேத்ரி ஆசிய அளவில் கிளப்புக்காக என்ன சாதித்தார்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: அதற்கு முழிக்கவே வேண்டாம், ஆட்டம் பெங்களூரில்தான்! 2016 அக்டோபர், ஏ.எஃப்.சி. கோப்பை அரையிறுதி. எதிரே நடப்புச் சாம்பியன், மலேசியாவின் ஜொகூர். முதல் கோலும் அவர்களுடையதே. உங்கள் ஊர்ப் பூட்டுபோல இறுகிய தடுப்பை சேத்ரி இரண்டுமுறை திறந்தார்: முதலில் தலையால், அப்புறம் தூரத்திலிருந்து ஒரே உதை! 3-1. ஆசியக் கிளப் கோப்பையில் இறுதிக்குப் போன முதல் இந்திய அணி, மூன்றே வயதான பெங்களூரு எஃப்.சி. தோஹாவில் இராக்கின் விமானப்படை அணியிடம் 0-1 எனத் தோற்றது. தடையால் கோல்கீப்பர் அம்ரிந்தர் ஆடாத ஆட்டம் அது. எனக்கு இன்னும் ஆறவில்லை.