வெள்ளம் வடிந்தது, விலை வடியுமா?

கே: ஈப்போவில் மலிவாக ஒரு வீடு வருகிறது. தாழ்வான இடம் என்கிறார்கள். வாங்கலாமா?
(புந்தோங் வாசகர்)
ப: விற்பவர் வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்துத்தான் கூப்பிடுவார். நீங்கள் அடைமழைக்கு மறுநாள் போங்கள். சுவரில் இடுப்பளவுக்கு மட்டும் புதுச் சாயமா? பிளக் பாயிண்டெல்லாம் தோள் உயரத்திலா? பக்கத்துக் கடையில் அரிசி மூட்டை மேசைமேல் ஏறியிருக்கிறதா? அப்படியானால் அது தள்ளுபடி இல்லை. தண்ணீருக்கு நீங்கள் கட்டப்போகும் வாடகைக்கு முன்பணம்.

கே: வெள்ளம் வந்தால் வீட்டு விலை இறங்குமா?
(கம்பார் வாசகர்)
ப: இறங்கும். ஆனால் சந்தைக்கு மறதி அதிகம். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 1994 வெள்ளத்துக்குப் பின் சரிந்த விலை 4 முதல் 9 ஆண்டுகளில் பழைய நிலைக்கே திரும்பியதாக ஓர் ஆய்வு சொல்கிறது. வெள்ளம் விடாமல் வந்தால்தான் புத்தி வரும். நம் மாநில எல்லைக்கு அப்பால், சிலாங்கூரின் பழைய கோல குபுவில் ஈயச் சுரங்க மணல் ஆற்றைத் தூர்த்தது. வெள்ளம் மேல் வெள்ளம். கடைசியில் விலை அல்ல, ஊரே இடம் மாறி கோல குபு பாரு ஆனது.

கே: வீட்டுக் கடனோடு காப்புறுதியும் கட்டுகிறேன். போதாதா?
(பத்து காஜா வாசகி)
ப: பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். அடிப்படைத் தீக் காப்புறுதி தீ, மின்னல், வெடிப்போடு நின்றுவிடும். வெள்ளத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டும். காருக்கும் அப்படித்தான்.

கே: வெள்ளத்தால் யாருக்காவது லாபம் உண்டா?
(தாப்பா வாசகர்)
ப: மெத்தைக் கடைக்கும் வயரிங்காரருக்கும் உண்டு. மற்றவர்களுக்கு நட்டம்தான். 2021 வெள்ளத்தில் நாட்டுக்கு 610 கோடி ரிங்கிட் நட்டம் என்றது புள்ளிவிவரத் துறை. அதில் வீடுகளுக்கு மட்டும் 160 கோடி. குடும்பத்துக்கு அரசு முதலில் தந்த உதவித்தொகை 1,000 வெள்ளி. அது குளிர்பெட்டிக்கே போதாது. சலவை இயந்திரம் வரிசையில் நிற்கட்டும்.

கே: தோட்டத்தில் வெள்ளம் வந்தால் நட்டம் யாருக்கு?
(சுங்கை சிப்புட் வாசகர்)
ப: மரப்பட்டை நனைந்தால் பால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் அன்றைய கூலியும் அடிபடும். செம்பனைக் குலையை அறுத்தாலும் லோரி உள்ளே வர வேண்டுமே! நாள் கடந்தால் எண்ணெயின் தரம் கெடும். லயத்துச் சுவர் நிர்வாகத்தின் சொத்து. உள்ளே நனைந்த கட்டிலும் தையல் மெஷினும் குடும்பத்தின் சொத்து.

கே: அன்று ரப்பர் தோட்டம், வெள்ளமில்லை. இன்று தாமான், வெள்ளம். ஏன்?
(பீடோர் வாசகர்)
ப: மண் குடித்த மழையைக் கூரையும் தாரும் குடிப்பதில்லை, அப்படியே கால்வாய்க்குத் தள்ளிவிடும். புதுத் தாமானுக்கு மண் கொட்டி மேடாக்கினால் பக்கத்துக் கம்பம் பள்ளமாகிவிடும். மேடாக்கியவர் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார். பள்ளத்தில் இருப்பவர், தன் வீட்டை வாங்க ஆள் கிடைக்காமல், அங்கேயே இருக்கிறார்.