சார்லமேனுக்குத் தமிழ் தெரியும்

கே: கிறிஸ்தவம்தான் ஐரோப்பாவின் ஆணிவேர் என்று அடித்துப் பேசுகிறார் என் சம்பந்தி. என்ன சொல்ல? (கரமனை)

ப: ஆணிவேர் என்றால் விதை எங்கே விழுந்தது என்று கேளுங்கள். பெத்லகேம் ஆசியாவில் இருக்கிறது. அப்புறம் ஆட்டோ பிடித்துத் திருவனந்தபுரம் பட்டம் வரை கூட்டிப்போங்கள். அங்கே மலங்கரை கத்தோலிக்கர்களின் தலைமைத் தேவாலயத்தில் குர்பானா என்கிற பூசை அந்தியோக்கிய முறையில் நடக்கும். நடுநடுவே காதில் விழும் சுரியானி, இயேசு பேசிய அரமேயத்துக்குப் பங்காளி. மார் இவானியோஸ் தலைமையில் இவர்கள் ரோமோடு சேர்ந்ததே 1930இல்தான். அதுவும் எங்கள் வழிபாட்டு முறையில் கை வைக்கக் கூடாது என்று பேசிக்கொண்டு. இவ்வளவும் சொல்லிவிட்டு வாதத்தில் தோற்றுவிடுங்கள். பெண் கொடுத்த இடமாயிற்றே.

கே: ஐரோப்பிய அரசியல் சாசனத்தில் கிறிஸ்தவத்தின் பெயரைப் போடச் சொல்லித் தகராறு நடந்ததாமே? (தைக்காடு)

ப: நடந்தது. போப் இரண்டாம் ஜான் பால் கேட்டார், போலந்தும் இத்தாலியும் ஒத்து ஊதின, பிரான்ஸ் முடியாது என்றது. 2004இல் சமய மரபு என்று பொத்தாம்பொதுவாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். மறு வருஷமே பிரான்ஸ், நெதர்லாந்து ஜனங்கள் ஓட்டுப் போட்டு அந்தச் சாசனத்தையே கவிழ்த்தார்கள். பெயர் வைக்க அத்தனை சண்டை, பிள்ளை பிறக்கவே இல்லை.

கே: சவிட்டுநாடகத்தில் தமிழ் கேட்ட மாதிரி இருந்தது. என் காது சரியா? (சாலை பஜார்)

ப: காது சரி. மலையாளத்தில் சவிட்டு என்றால் மிதி. பலகை அதிர மிதித்து ஆடுவதால் அந்தப் பெயர். போர்த்துக்கீசியர் காலத்தில் கேரளக் கடற்கரை லத்தீன் கத்தோலிக்கர்களிடம் வளர்ந்த கூத்து. அதில் பேர்போனது 'காறல்மான் சரிதம்'. காறல்மான் வேறு யாருமில்லை, கி.பி. 800 கிறிஸ்துமஸ் அன்று ரோமில் போப் கையால் முடிசூடிய சார்லமேன்தான். ஐரோப்பாவின் தகப்பன் என்று அங்கே தலையில் வைத்து ஆடுகிறார்கள். ஆகென் நகரம் 1950 முதல் அவர் பெயரில் பரிசு கொடுக்கிறது. அந்த மனுஷனைத் தமிழ் பேசவைத்தவர் சின்னத்தம்பி அண்ணாவி என்பது வழக்கு. பழைய பாட்டெல்லாம் தமிழ்தான், மலையாள உப்புக்காற்றில் கொஞ்சம் துருப்பிடித்த தமிழ்.

2025 ஜனவரியில் நம் ஊரில் பள்ளிக் கலோற்சவம் நடந்தபோது போய் உட்கார்ந்தேன். ஜிகினா அங்கி, அட்டைக் கிரீடத்தோடு ஒரு பையன். வியர்வையில் ஒட்டுமீசை ஒரு பக்கம் கழன்று தொங்குகிறது. அவன் கண் அடிக்கடி அதன் மேலேயே போகிறது, கால் மட்டும் ஒரு அடி பிசகவில்லை. பக்கத்தில் இருந்தவர், "இது அவங்க கலையா, நம்ம கலையா?" என்றார். மீசையை அவங்களுக்குக் கொடுத்துவிடலாம், காலை விடமுடியாது என்றேன்.

கே: மரபை மதிப்பதில் ஐரோப்பியரை மிஞ்ச ஆள் உண்டா? (பேரூர்க்கடை)

ப: சொந்த மரபு என்றால் ஆள் இல்லை. அடுத்தவர் மரபு என்றால் 1599ஐப் பாருங்கள். கோவா பேராயர் மெனேசிஸ் உதயம்பேரூரில் சங்கம் கூட்டி, இங்கிருந்த சுரியானி ஏடுகளைத் திருத்தவும் எரிக்கவும் உத்தரவு போட்டார். 1653இல் மட்டாஞ்சேரியில் சுரியானி ஜனம் திரண்டது. எல்லாரும் சிலுவையைத் தொட இடமில்லை, அதில் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டு இனி இந்த ஐரோப்பியப் பாதிரிமாருக்கு அடங்கமாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். இழுத்த இழுப்பில் சிலுவை சாய்ந்ததாம். கூனன் குருசு சத்தியம் என்று பெயரே நின்றுவிட்டது.

கே: பக்கத்து வீட்டு அம்மச்சி பெசஹா அப்பம் கொடுத்தார். நாங்கள் ஐயர் வீடு. சாப்பிடலாமா? (கோட்டை)

ப: உங்கள் பயம் சாமியைப் பற்றியா, சின்ன வெங்காயத்தைப் பற்றியா? பெரிய வியாழனன்று அரிசியும் உளுந்தும் தேங்காயும் அரைத்து, புளிக்கவிடாமல் அவித்தெடுப்பது அது. யூதர்களின் புளிப்பில்லா அப்பம் நம் உளுந்தைப் பிடித்துக்கொண்ட கதை. வெங்காயமும் பூண்டும் சேர்க்கும் வீடுகள் உண்டு, அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். குருத்தோலைச் சிலுவை வைத்த அப்பத்தைக் குடும்பத் தலைவர் பிட்டு வீட்டாருக்குத்தான் கொடுப்பது பல வீடுகளில் வழக்கம். உங்களுக்கு வந்தது அனேகமாகச் சிலுவை வைக்காதது. வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த பெசஹா பாலில் தொட்டுச் சாப்பிடவும். பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தராதீர்கள்.

கே: உதயகிரிக் கோட்டையில் டச்சுத் தளபதி கல்லறையில் தமிழ் எதற்கு? (தக்கலை)

ப: கல்லறையில் லத்தீனும் உண்டு. லத்தீன் கடவுளுக்கு, தமிழ் அக்கம்பக்கத்தாருக்கு. 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவிடம் பிடிபட்டு, அவருடைய படைக்கே பயிற்சி கொடுத்து 'வலிய கப்பித்தான்' ஆனவர் டிலனாய். அவர் பேச்சில் மனம் மாறிய நீலகண்ட பிள்ளைதான் 2022இல் வத்திக்கானில் புனிதர் பட்டம் பெற்ற தேவசகாயம்.

கே: மகன் ஜெர்மனியில் இருக்கிறான். அங்கே பூசை வைப்பவர் மலையாளிச் சாமியாராம்! (வலியதுறை)

ப: சவேரியார் 1544இல் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஞானஸ்நானம் கொடுத்தபோது, ஜெபத்தை உள்ளூர் மொழியில் மனப்பாடம் செய்துகொண்டுதான் ஒப்பித்தார். இந்தச் சாமியார் பரீட்சை எழுதி ஜெர்மன் படித்திருப்பார். அது இருக்கட்டும், பூசை வைப்பவர் யார் என்று உங்கள் மகன் நேரில் பார்த்தானா, யாராவது சொன்னார்களா?