தாமிரபரணிக் கரை மழலை: ஒரு முதற்கட்ட ஆய்வறிக்கை

ஆய்வுக் கட்டுரை என்று எழுத உட்கார்ந்தால் முதலில் முன்னோர் விட்ட குறைகளைச் சொல்லியாக வேண்டும் என்பது மரபு. ஆகவே வள்ளுவரிலிருந்தே தொடங்குவோம். மக்கட்பேறு அதிகாரத்தில் குழலையும் யாழையும் ஓரமாக உட்கார வைத்துவிட்டு மழலைக்கு முதல் பரிசு கொடுத்தவர் அவர். தீர்ப்பில் குறையில்லை. ஆனால் பரிசு வாங்கிய பிள்ளை அப்படி என்னதான் சொல்லிற்று? அரை வாக்கியம்கூடப் பதிவாகவில்லை. பாண்டியன் அறிவுடைநம்பி இன்னும் மோசம். புறநானூற்றில் அவன் பாடிய 188ஆம் பாட்டில் ஒரு பிள்ளை வருகிறது, சாப்பாட்டில் கையை விடுகிறது, நெய்ச்சோற்றை மேலெல்லாம் அப்பிக்கொள்கிறது. வாய் மட்டும் திறக்கவில்லை. சோற்றை மேலே பூசிக்கொண்ட பிள்ளை சத்தமில்லாமல் பூசிக்கொண்டது என்றால் எந்தத் தாய் நம்புவாள்?

பிள்ளைத்தமிழுக்கு வருவோம். திருநெல்வேலிக் காந்திமதியம்மைக்கே அழகிய சொக்கநாத பிள்ளை ஒன்று பாடியிருக்கிறார். பத்துப் பருவம். தலையை ஆட்டு, கையைத் தட்டு, முத்தம் தா, நடந்து வா, நிலாவே நீயும் கூட வா என்று பருவத்துக்குப் பருவம் பேசுவதெல்லாம் மற்றவர்கள். பேர் என்னவோ பிள்ளைத்தமிழ். பிள்ளைக்கு அதில் பேச்சுரிமை கிடையாது. பேராசிரியர் நா. வானமாமலை நாட்டுப் பாடல்களைத் தொகுத்தபோது தாலாட்டுகளும் சேர்ந்தன. அதிலும் அம்மா பாடுகிறாள், பிள்ளை தூங்குகிறது, அல்லது தூங்குகிற மாதிரி கிடக்கிறது.

இந்த அலட்சியத்துக்கு ஆற்றங்கரையின் பழைய வரலாறே காரணமாக இருக்கலாம் என்று ஒரு கருதுகோள் வைக்க இடமுண்டு. ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் பதினாறு வருஷம் புளியமரத்தடியில் வாய் திறக்காமல் இருந்தார் என்பது வைணவர் சொல்லிவரும் வரலாறு. பக்கத்திலேயே ஸ்ரீவைகுண்டம். அங்கே குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசவில்லை. பெற்றவர்கள் திருச்செந்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகுதான் பேச்சு வந்தது. வந்த பேச்சும் 'அம்மா', 'தண்ணி' என்று வரவில்லை. கந்தர் கலிவெண்பாவாக வந்தது. ஆகவே இந்த ஆற்றுத் தண்ணீர் குடித்த பிள்ளைகள் முழுசாகத் தயாரான பிறகே வாயைத் திறப்பார்கள் என்று ஒரு கோட்பாடு கட்டலாம். கட்டினேன். டவுணில் ஒரு வளவுக்குள் காலை ஏழு மணிக்கு நுழைந்ததும் அது இடிந்து விழுந்தது.

ஆய்வுக்களம் அந்த வளவுதான். ரத வீதிக்குப் பின்னால் ஒரு முடுக்கு, முடுக்குக்குள் வளவு. தார்சா, பட்டாசல், அடுக்களை, புறவாசல் என்று ரயில் பெட்டியாட்டம் நீண்டுகிடக்கும் வீடுகள். தகவலாளர்கள் எல்லாரும் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். (பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கென்றே துறை உண்டு. களத்தில் பேசுகிறவரைத் 'தகவலாளர்' என்று மரியாதையாகச் சொல்வது அந்தத் துறைக்காரர் வழக்கம். மூக்கு ஒழுகுகிறது என்பதற்காக மரியாதையைக் குறைக்க முடியாது.) பெயர்களை வெளியிடவில்லை. நாளைக்கு வளர்ந்து வழக்குப் போடுவார்கள்.

கருவி, செல்போன். அதில்தான் சிக்கல். கருவியை நீட்டிய நொடியில் தரவு வற்றிவிடுகிறது. "நேத்து சொன்னேல்லா, அத மாமாகிட்டச் சொல்லு மக்கா" என்று அம்மா கெஞ்ச, தகவலாளர் சட்டையின் கீழ்ப் பொத்தானை வாய்க்குள் போட்டுக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்கிறார். விருந்தாளி முன்னால் ஒரு மழலை இரண்டாம் முறை நிகழாது: இந்த அறிக்கையின் ஒரே உறுதியான விதி இதுதான். நம்மாழ்வார் வீட்டுக்கும் நாலு பேர் வந்து "சொல்லு, சொல்லு" என்று நச்சரித்திருப்பார்கள் என்பது என் துணிபு.

புள்ளிவிவரம் தரவேண்டிய இடம் இது. சேகரித்ததை எண்ணும் பொறுப்பை மூத்த தகவலாளரிடமே கொடுத்தோம். பன்னிரண்டு வரை ஒழுங்காக வந்தவர் அங்கிருந்து பத்தொன்பதுக்குத் தாவி, "நெறைய" என்று முடித்துவிட்டார்.

சொற்பிறப்பியலில் ஒரு செய்தி. 1877இல் சார்லஸ் டார்வின் தன் மூத்த மகனைப் பற்றிய பழைய நாட்குறிப்புகளை 'மைண்ட்' என்ற இதழில் வெளியிட்டார். ஒரு வயதில் அந்தப் பிள்ளை சாப்பாட்டுக்கு 'மம்' என்று தானாகவே ஒரு சொல்லை உண்டாக்கிவிட்டதாம். தகப்பனார் வியந்து எழுதுகிறார். இந்தப் பக்கம் எந்த ஆச்சியிடம் கேட்டிருந்தாலும் "மம்மம்தானே, இதுல என்ன இருக்கு" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்லியிருப்பாள். கலாபகோஸ் வரை கப்பலில் போனவர் இங்கே எட்டிப் பார்க்கவில்லை.

இலக்கணத்தில்தான் நம் தகவலாளர்கள் உண்மையிலேயே கெட்டிக்காரர்கள். மூன்று வயதுப் பெண் ஒருத்தி புறவாசல் படியில் சறுக்கிவிட்டு, முழங்காலைக் காட்டிக் கொடுத்த வாக்குமூலம்: "நான் பொத்துன்னு விழுதேன். பொறவு அழுதேன்." வளவே சிரித்தது. சிரித்தவர்கள் யாரும் யோசிக்கவில்லை. அழு என்றால் அழுதேன். உழு என்றால் உழுதேன். தொழு என்றால் தொழுதேன். விழு மட்டும் எதற்கு விழுந்தேன்? அந்த 'ந்' எங்கிருந்து வந்தது, யார் உள்ளே விட்டது? பிள்ளை விதியைக் கண்டுபிடித்துவிட்டது. விதியை மீறியிருப்பது மொழி. 1958இல் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர், இல்லாத ஒரு பிராணியின் படத்தைக் காட்டி, இல்லாத ஒரு பெயரையும் சூட்டி, இதுவே இரண்டு இருந்தால் எப்படிச் சொல்வாய் என்று பிள்ளைகளைக் கேட்டுப் பார்த்தார். பிறந்ததிலிருந்து கேட்டிராத சொல்லுக்கும் பிள்ளைகள் பன்மை விகுதியைச் சரியாக ஒட்டினார்கள். ஆக, அவர்கள் நம்மைப் பார்த்துக் கிளிப்பிள்ளையாகச் சொல்வதில்லை, உள்ளுக்குள் ஒரு நன்னூல் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் இடையன்குடியிலேயே பல்லாண்டு குடியிருந்தார். அவர் தெருப்பிள்ளைகள் பக்கம் கொஞ்சம் காது கொடுத்திருந்தால் வினைச்சொல் இயல் இன்னும் சுவாரசியமாக இருந்திருக்கும்.

காலக் கணக்கிலும் இதே கறார்தான். தகவலாளர்களுக்கு நடந்து முடிந்ததெல்லாம் 'நேத்து', நடக்கப்போவதெல்லாம் 'நாளைக்கு'. "நேத்து நான் அம்மா வயித்துக்குள்ள இருந்தேம்லா" என்பார்கள். நமக்கோ 'நாளைக்கு' என்பதற்கு வேறு பொருள் உண்டு: தரமாட்டேன், ஆனால் இப்போது அழாதே. நாலு வயதுக்காரர் ஒருவரிடம் அவர் தாத்தா கோவில்பட்டிக் கடலை மிட்டாய் விஷயத்தில் இந்தச் சொல்லைப் பிரயோகித்தார். அதன்பின் நடந்தது:

"நாளைக்குன்னா எப்ப?"

"தூங்கி எந்திரிச்சா நாளைக்கு."

தகவலாளர் வாதாடவில்லை. நேராகப் பட்டாசலுக்குப் போய்ப் பாயைத் தானே உதறிப் போட்டுப் படுத்தார். மத்தியானம். மூன்று மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து தாத்தாவின் ஈசிச்சேர் கையில் தட்டினார். "நாளைக்கு ஆயிட்டு. எடுங்க." தாத்தா கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேசாமல் எழுந்துபோய் டப்பாவைத் திறந்தார்.

நம் கோட்பாட்டைச் சொல்ல இதுவே இடம். வீட்டுக்குள் பேசுகிற பேச்சை, பேசியபடியே நம்புகிற பிரஜைகள் இவர்கள் மட்டும்தான். பெரியவர்களாகிய நாம் பாதி ஒப்புக்கும் மீதி மழுப்பவும் பேசுகிறோம். தாத்தா ஒரு நாள் புரோக்கர் ஒருத்தரைப் பற்றித் தொலைபேசியில் குமுறிக்கொண்டிருந்தார்: "பத்திரம் முடிச்சுத் தாரேன் தாரேன்னு சொல்லிக் கடைசியில அல்வா குடுத்துட்டான்." கதவோரம் நின்ற தகவலாளர் அன்று ராத்திரி வரை அவரோடு பேசவில்லை. விசாரித்ததில், "எனக்குத் தராம தனியாத் தின்னுட்டாங்க" என்று புகார். திருநெல்வேலியில் பிறந்த பிள்ளைக்கு அல்வா என்றால் இலையில் வைத்து நெய் சொட்டச் சொட்டத் தருவது. அதை ஏமாற்று வித்தைக்குப் பெயராக்கியது யார் குற்றம்?

சட்டவியல் பிரிவில் ஒரு வழக்கு மட்டும் போதும். ஞாயிற்றுக்கிழமை காலை. பெருமாள்புரத்திலிருந்து தூரத்து உறவு மாமா ஒருவர் முடுக்கில் வருவதை ஜன்னல் வழியே ஆச்சி பார்த்துவிட்டாள். "இன்னைக்கும் இந்தச் சள்ளை வருது பாரு" என்று அடுக்களைப் பக்கம் திரும்பிச் சொன்னாள். தகவலாளர் விருந்தோம்பலில் தேர்ந்தவர், ஓடிப்போய்க் கதவைத் திறந்து, வாய் நிறைய, "வாங்க சள்ளை மாமா!" என்றார்.

ஆச்சி நொடி தாமதிக்கவில்லை. "சளின்னு சொல்லுதான். ஒங்களுக்குச் சளி புடிச்சிருக்காமேன்னு இப்பதான் பேசிக்கிட்டிருந்தோம். வாங்க, உக்காருங்க."

"சளி இல்ல ஆச்சி. சள்ளை. நீதானே சொன்ன?"

மாமா காபி சாப்பிட்டார். சர்க்கரை தூக்கலாகப் போட்டிருந்தார்கள்.

இறையியலை விரிவாக எழுத ஆசைதான்; ஊரில் பெரியவர்கள் இருக்கிறார்கள். குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருப்பது. வெள்ளம் வருகிறது என்றால் உற்சவரைக் கரையிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கோயில் முங்கிக் கிடந்த நாளில் வளவில் பதிவான உரையாடல் இது:

"ஆச்சி, முருகனுக்கு நீச்சல் தெரியுமா?"

"அவரைத்தான் மேல கொண்டு போயாச்சே மக்கா."

"எல்லாரையுமா?"

"உற்சவரை."

"அப்ப உள்ள நிக்கவரு?"

"அவரு கல்லு. அவருக்கு ஒண்ணும் ஆகாது."

"கல்லுக்கு எதுக்குப் பொங்கல் வச்சுக் குடுக்கீங்க?"

"ஏல, சோலியப் பாரு."

சைவ சித்தாந்தத்தில் இதற்குப் பதில் இருக்கும். அடுக்களையில் வைத்துச் சொல்ல நேரமில்லை. 2025 ஜனவரியில் நெல்லையப்பர் கோயில் யானை இறந்தது. அதற்கும் அம்மன் பெயர்தான், காந்திமதி. "காந்திமதி போயிட்டா" என்று வளவில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டதைத் தகவலாளர் கேட்டிருக்கிறார். சில நாள் கழித்து அம்மன் சன்னதியில் ஆச்சி இடுப்பிலிருந்தபடி எட்டிப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "போகல ஆச்சி. உள்ளதான் நிக்கா." வரிசையில் நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

இந்தத் துறையை ஓரளவு புரிந்துகொண்ட நம்மூர்க்காரர் புதுமைப்பித்தன். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுளை வைத்துக்கொண்டு பெரியவர்கள் முழிக்கிறார்கள். பிள்ளைவாளின் மகள் வள்ளிதான் தாத்தா என்று ஒட்டிக்கொண்டு அவரைச் சமாளிக்கிறாள்.

ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தைப் பார்த்துவிட்டு, "பாலம் இன்னொரு பாலத்தை உப்பு மூட்டை தூக்கிட்டு நிக்கு" என்றது ஒரு பிள்ளை. இதை எந்த இயலில் சேர்ப்பது என்று தெரியாததால் இங்கே வைக்கிறேன்.

கடைசியாக, மூலபாட ஆய்வு. ருஷ்யாவில் கோர்னெய் சுகோவ்ஸ்கி பிள்ளைகள் சொன்னதையெல்லாம் சேர்த்து 'இரண்டிலிருந்து ஐந்து வரை' என்று புத்தகமே போட்டார். பெற்றோர்கள் அவருக்குக் கடிதம் கடிதமாக எழுதி அனுப்பினார்கள். நம்மிடம் புத்தகம் கிடையாது, ஆச்சிமார் இருக்கிறார்கள். எல்லாம் வாய்மொழி மரபு. சொன்னவர் ஆறு வயதாகிப் பள்ளிக்கூடம் போய் 'விழுந்தேன்' என்று திருந்திய பிறகும் சொல் மட்டும் வீட்டில் தங்கிவிடும். இருபத்தைந்து வருஷம் கழித்துக் கல்யாணம் முடிந்து, மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டில், இஞ்சிப் பச்சடியும் சொதியும் இலைக்கு வரும் நேரம் பார்த்து, புதுப்பெண்ணிடம் அத்தை அதை எடுத்துவிடுவாள். மாப்பிள்ளை காது சிவக்க, "நான் அப்படிச் சொல்லவே இல்ல, அது தம்பி" என்பார். தம்பியும் மறுப்பார். ஔவையார் ஒருவரா பலரா என்பதுபோல இதுவும் தீராத சிக்கல். நல்ல சொல் ஒன்று கிடைத்தால் அதைச் செல்லப்பிள்ளை தலையில் ஏற்றிவிடுவது எல்லாக் குடும்பத்திலும் உள்ள வழக்கம்.

'சள்ளை மாமா' சம்பவத்துக்கே இப்போது இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. டவுண் பாடத்தில் சொன்னது மூத்த பேரன். அம்பாசமுத்திரப் பாடத்தில் சொன்னது இளைய பேத்தி. மாமாவும் பெருமாள்புரத்துக்காரர் இல்லை, கல்லிடைக்குறிச்சியிலிருந்து அப்பளக்கட்டோடு வந்தவர். இரண்டையும் ஒப்புநோக்கிச் செம்பதிப்பு ஒன்று கொண்டுவரலாம் என்றால், டவுண் ஆச்சிக்கும் அம்பாசமுத்திரம் பெரியம்மைக்கும் ஒரு ஜோடி வைரத்தோடு விஷயத்தில் ரொம்ப நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை.